டாக்டர் பட்டம் வந்தாச்சு... டாக்டர் ஆயாச்சா?

2018-ம் வருஷ நவராத்திரி. திருச்சியில் எங்கள் தெருவில், எதிர் வீட்டு அக்காவின் கொலுவுக்கு அந்த வருஷம் கூட்டம் கொஞ்சம் அதிகம். கொலுவைப் பார்க்க மட்டும் யாரும் வரவில்லை. ரஷ்யாவில் ஆறு வருஷம் டாக்டருக்குப் படித்துவிட்டு அக்காவின் பெண் ஊர் திரும்பியிருந்தாள். கொலுப்படிக்குப் பக்கத்தில், ஒரு முக்காலி மேல், அவள் பட்டமளிப்புத் தொப்பியோடு நிற்கிற போட்டோ. அதற்கும் ஒரு முழம் கதம்பம் சாத்தியிருந்தாள் அக்கா. பெற்ற வயிறு அல்லவா!

சுண்டல் வாங்க வந்தவர்களில் ஒருத்தி, இடுப்பில் மூன்று வயதுப் பையனை வைத்திருந்தாள். "டாக்டரம்மா! ராத்திரியிலேருந்து இவனுக்கு உடம்பு கொதிக்குது. ஒரு சிரப் எழுதிக் குடேன். உனக்கு முதல் பேஷண்ட் என் பிள்ளையா இருக்கட்டும்" என்றாள் சிரித்துக்கொண்டே.

அந்தப் பெண் பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். தண்ணீர் குடிக்கிறானா, ஒன்றுக்குப் போனானா என்று கேட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, மருந்து எழுத எனக்கு இன்னும் உரிமை இல்லை. காலைவரைக்கும் காத்திருக்காதீங்க. இப்பவே நம்ம வழக்கமான டாக்டர்கிட்டே காட்டிடுங்க. நானும் கூட வர்றேன்."

கூடம் ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. "ஆறு வருஷம் படிச்சு, நிலத்தை வித்துப் பணம் கட்டி... ஒரு காய்ச்சல் மருந்து எழுத முடியாதாமே!" என்று யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு என்றாலும் அக்காவின் காதில் விழுகிற அளவுக்குச் சத்தம் இருந்தது.

அன்று அக்காவின் முகத்தைப் பார்த்தவள் நான். அதனால்தான் இந்தக் கட்டுரை. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், "வெளிநாட்டிலே டாக்டர் சீட் வாங்கித் தர்றேன்" என்று உங்கள் வீட்டுப் படியையும் யாராவது ஏறலாம். அப்போது நீங்கள் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயங்கள் இவை.

பட்டம் வேறு, பதிவு வேறு

பட்டம் என்பது, படித்தாய், தேறினாய் என்று கல்லூரி தருகிற காகிதம். ஒருவருடைய உடம்பைத் தொட்டு வைத்தியம் பார்க்க அந்தக் காகிதம் மட்டும் போதாது. 'இவர் இந்த நாட்டில் வைத்தியம் பார்க்கலாம்' என்று அரசாங்கச் சட்டப்படி ஒரு பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். நம் மாநிலத்தில் அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அகில இந்திய அளவில் பொறுப்பு தேசிய மருத்துவ ஆணையத்துக்கு. முன்பு இந்திய மருத்துவக் கவுன்சில் என்று இருந்தது. 2020 செப்டம்பரில் அதன் இடத்துக்கு வந்ததுதான் இந்த ஆணையம். என்.எம்.சி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும்? 1956-ம் வருஷச் சட்டத்தில் ஒரு வருஷம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. 2019-ம் வருஷச் சட்டத்தில் சிறை அதே ஒரு வருஷம் வரைதான். அபராதம் மட்டும் 5 லட்சம் ரூபாய் வரை ஏறிவிட்டது. இரண்டும் சேர்ந்தே கிடைக்கலாம். அந்தப் பெண் சிரப் எழுத மறுத்தது பயத்தினாலோ கர்வத்தினாலோ அல்ல என்பது இப்போது புரிகிறதல்லவா?

ஒரு பழைய விஷயம் சொல்கிறேன். வேலூர் மருத்துவக் கல்லூரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மையாரும் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர்தான். 1899-ல் அமெரிக்காவில் கார்னெல் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கினார். அன்றைக்கு இங்கே பதிவேடே கிடையாது. சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது 1914-ல்தான். யார் வேண்டுமானாலும் 'டாக்டர்' என்று பலகை மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அந்தச் சட்டம். நம் குழந்தைகளைக் காப்பாற்றுகிற வேலிதான் அது. நம் வீட்டுப் பெண்ணுக்கு அது தடையாக நிற்கும்போதுதான் நமக்குக் கசக்கிறது!

ஊர் திரும்பியவர்களுக்கு மூன்று வாசல்

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமமான படிப்பை முடித்துவிட்டு வருகிற இந்தியப் பிள்ளைகள், இங்கே டாக்டராக மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும்.

முதல் வாசல் பரீட்சை. 2002-லிருந்து நடக்கும் இதற்கு எஃப்.எம்.ஜி.இ. என்று பெயர். 'ஸ்கிரீனிங் டெஸ்ட்' என்றும் சொல்வார்கள். தேசியத் தேர்வு வாரியம் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜூன், டிசம்பர் என்று நடத்துகிறது. கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். காலையில் 150 கேள்விகள், மதியம் 150 கேள்விகள். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டரை மணி நேரம். மொத்தம் 300-க்கு 150 எடுத்தால் தேர்ச்சி. தப்பான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம்.

இரண்டாவது வாசல் தற்காலிகப் பதிவும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும். பரீட்சையில் தேறியதும் மாநில மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் 12 மாதம், பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, ஆபரேஷன் வார்டு என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வர வேண்டும். இங்கேயும் ஒரு நெருக்கடி உண்டு. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் மொத்த இடங்களுக்கு மேல் கூடுதலாக 7.5 சதவீதம் வரைதான் வெளிநாட்டில் படித்தவர்களை ஹவுஸ் சர்ஜனாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2022-ல் என்.எம்.சி. வரையறுத்தது. ஆகவே பரீட்சை தேறிய மறுநாளே இடம் காத்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பயிற்சிக்கு இவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது, இங்கே படித்தவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை சொல்லியிருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாசல் நிரந்தரப் பதிவு. பயிற்சி முடித்த சர்டிபிகேட்டோடு போனால் பதிவு எண் கிடைக்கும். அன்றைக்குத்தான் அவர் இந்தியாவில் டாக்டர். மேல்படிப்பு படிக்கிறதென்றால் அப்புறம் நீட் பி.ஜி. பரீட்சை. அது இங்கே படித்தவர்களுக்கும் பொதுவானது.

ஐந்து பேரில் ஒருவர்

கேட்கும்போது முதல் வாசல் சுலபமாகத்தான் தோன்றுகிறது. பாதி மார்க் எடுத்தால் போதும், இதென்ன பிரமாதம் என்று. ஆனால் 2024 ஜூன் பருவப் பரீட்சையை எழுதியவர்கள் சுமார் 34,600 பேர். தேறியவர்கள் சுமார் 7,200 பேர்தான். ஐந்து பேரில் ஒருவர்! அது ஏதோ ஒரு தடவை நடந்ததும் இல்லை. பல வருஷங்களாகவே தேறுகிறவர்களைவிடத் தேறாதவர்கள்தான் அதிகம் என்று கணக்கு இருந்து வருகிறது.

அப்படியானால் மற்றவர்களெல்லாம் படிக்காத பிள்ளைகளா? அந்தப் பெண்ணிடம் நான் கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்கு நன்றாகப் புரிந்தது.

"அத்தை, அம்மா வீட்டிலே நல்லாச் சமைக்கிற பொண்ணு, மாமியார் வீட்டுக்குப் போன முதல் நாள் உப்பு டப்பாவைத் தேடித் தடுமாறுவா இல்லையா? அந்த மாதிரிதான். அங்கே புத்தகத்திலே படிச்சோம். ஆனா வார்டிலே நோயாளி பேசறது ரஷ்ய பாஷை. அந்தக் குளிரிலே டெங்கு ஏது, மலேரியா ஏது? பாம்புக்கடின்னு ஒரு நோயாளி வந்து நான் பார்த்ததே இல்லை. இங்கே பரீட்சையிலே நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலையும் கேக்கறாங்க!"

கேள்வித்தாளின் பங்கீட்டைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பொது மருத்துவத்துக்கு 33, அறுவைக்கு 32, பிள்ளைப்பேறு, பெண்கள் நோய்க்கு 30, குழந்தை மருத்துவத்துக்கு 15. சமூக மருத்துவம் என்கிற ஒரு பாடத்துக்கு மட்டும் 30. அதில் வருவதெல்லாம் நம் நாட்டுச் சங்கதி: நம் தடுப்பூசி அட்டவணை, நம் காசநோய்த் திட்டம், நம் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே ஆறு வருஷம் இருந்தவர்களுக்கு இது புதுப் பாடம். போதாக்குறைக்கு, முதல் வருஷம் படித்த உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றுக்கும் தலா 17. படித்து ஐந்து வருஷம் ஆகி, பாதி மறந்து போயிருக்கும்.

அக்கா சொன்ன கதை

2018 டிசம்பரில் அந்தப் பெண் முதல் தடவை எழுதினாள். 128 மார்க். 2019 ஜூனில் மறுபடி எழுதினாள். 141. ஒன்பது மார்க்கில் ஆறு மாசம் போயிற்று.

அந்த நாட்களைப் பற்றி அக்கா இன்று ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறாள். "தப்பு என்மேலேயும் இருக்குடி. ரெண்டாவது தடவை ரிசல்ட் வந்த அன்னிக்கு, 'உன்கூடப் படிச்ச பொண்ணுக்கு வளைகாப்பே ஆயிடுச்சு, நீ இன்னும் கைடு புக்கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே'ன்னு சொல்லிட்டேன். அவ ஒரு வார்த்தை பேசலை. ரெண்டு நாள் சாப்பிடவும் இல்லை. ராத்திரி எழுந்து பார்த்தா, இருட்டிலே மொட்டை மாடியிலே தனியா நின்னுக்கிட்டிருக்கா. எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா அவ பக்கத்திலேயே படுத்துக்கிட்டேன். பணம் போகட்டும், நிலம் போகட்டும், பொண்ணு இருந்தாப் போதும்னு ஆயிடுச்சு."

அதே சமயத்தில் இன்னொரு சோதனையும் வந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு நர்ஸிங் ஹோம்காரர் ஆள் அனுப்பினார். "ராத்திரி டியூட்டி மட்டும் பார்க்கட்டும். போர்டிலே பேர் போட மாட்டோம். மாசம் இவ்வளவு தர்றோம்." வீட்டில் கடன் நெருக்கிய நேரம். அப்பாவுக்குக்கூட மனசு தடுமாறியது. பெண்தான் உறுதியாக நின்றாள். "நடு ராத்திரியிலே ஒரு கர்ப்பிணி வந்து, என் கையிலே ஏதாவது ஆயிடுச்சுன்னா? பதிவில்லாம பார்த்தேன்னு என் வாழ்க்கையே போயிடும். அந்த அம்மாவோட உயிரும் போயிடும்ப்பா." அதோடு பேச்சு முடிந்தது.

அப்புறம் அந்த வீட்டின் போக்கே மாறியது. கல்யாணப் பேச்சை அக்கா அலமாரியில் வைத்துப் பூட்டினாள். விசாரிக்க வந்த உறவுகளிடம், "பரீட்சை முடியட்டும், நாங்களே சொல்லி அனுப்பறோம்" என்று ஒரே பதில். தினமும் மதியம் சமையல்கட்டில் ஒரு மணி நேரம் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். அம்மா படித்தது எட்டாவது வரை. அவள் எப்படி டாக்டர் பாடம் சொல்லித் தருவாள் என்கிறீர்களா?

பெட்டிக்குள்ளிருந்து அக்கா எடுத்தது, பெண் பிறந்தபோது போட்ட தடுப்பூசி அட்டையை! அதையும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் புது அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி. ஒன்பது மாதம் முடிந்தால் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. அந்தக் காலத்தில் எது இல்லை, இப்போது எது சேர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு அவள் மனப்பாடம் செய்தாள். நீங்களும் நானும் விரல்விட்டுச் சொல்கிற விஷயம்தான். பரீட்சையில் அது மார்க். வாரம் இரண்டு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கே இருக்கிற நர்ஸ் அக்காவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு நாளைக்கு 50 பழைய கேள்விகள், ஞாயிற்றுக்கிழமை முழுப் பரீட்சை என்று நேரம் வகுத்துக்கொண்டாள்.

2019 டிசம்பரில் மூன்றாவது தடவை. 163! அக்கா அன்றைக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்று, ஒன்றும் சொல்ல முடியாமல், என் கையில் சர்க்கரையைக் கொட்டியது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

தற்காலிகப் பதிவு முடிந்து, அரசு மருத்துவமனை ஒன்றில் அவள் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தது 2020 மார்ச்சில். அந்த மார்ச் எப்படிப்பட்டது என்று யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. கொரோனா வார்டில், மழைக்கோட்டு மாதிரி ஒரு உடுப்புக்குள் ஆறு மணி நேரம் வேர்த்து நனைந்து நிற்பாள். வீட்டுக்கு வர முடியாது. வீடியோவில் முகத்தைக் காட்டுவாள்; மூக்கின் மேல் முகக்கவசம் அழுத்திய தழும்பு. "இதுக்கா இவ்வளவு பாடுபட்டு பரீட்சை எழுதினே?" என்று அக்கா அழ, "இதுக்குத்தாம்மா" என்று அவள் சிரிப்பாள்.

கிளம்புவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை

அந்தப் பெண் போன காலத்துக்கும் இப்போதைக்கும் சட்டம் நிறைய மாறிவிட்டது. 2021 நவம்பர் 18-ந் தேதி புது விதிகள் வந்தன. அதற்குப் பிறகு வெளிநாட்டில் சேர்ந்த எல்லாரையும் அவை கட்டும். ஏஜெண்ட் வந்தால் காப்பி கொடுங்கள், தப்பில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

1. நீட் தேறியாச்சா? 2018 மே மாதத்திலிருந்து, வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கும் நீட் தேர்ச்சி கட்டாயம். ரிசல்ட் வந்ததிலிருந்து மூன்று வருஷம் அது செல்லும். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

2. படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? வருஷக் கணக்கை நம்பாதீர்கள், மாதக் கணக்கு போடுங்கள். பிலிப்பைன்ஸில் தாவாவோ போன்ற ஊர்களுக்கு நம் பிள்ளைகள் நிறையப் போனார்கள். அங்கே முதலில் பி.எஸ். என்று ஒரு முன்படிப்பு, பிறகு நாலு வருஷ எம்.டி. என்ற முறை இருந்தது. நாலு வருஷம் என்றால் 48 மாதம்தான்! முன்படிப்பு கணக்கில் சேராது. ஆறு மாதக் குறையில் எத்தனை வீட்டில் தூக்கம் போயிற்று, தெரியுமா?

3. பாடம் நடப்பது இங்கிலீஷிலா? முதல் இரண்டு வருஷம் இங்கிலீஷ், அப்புறம் உள்ளூர் பாஷை என்றால் விதிக்கு ஒத்துவராது.

4. அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப் உண்டா? படிப்பு, பயிற்சி எல்லாம் ஒரே கல்லூரியில், அந்த நாட்டிலேயே நடந்திருக்க வேண்டும். பாதி அங்கே, மீதி இன்னொரு நாட்டில் என்பது கூடாது. ஊர் திரும்பிய பின் இங்கே செய்கிற 12 மாதம் தனி.

5. அந்தப் பட்டத்தை வைத்து அந்த நாட்டிலேயே வைத்தியம் பார்க்க முடியுமா? இதுதான் முக்கியமான கேள்வி. அந்நாட்டுப் பிரஜைக்கு எந்த உரிமமோ அதே உரிமம் நம் பிள்ளைக்கும் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தன் ஊரிலேயே செல்லாத பட்டத்தை நம் ஊரில் எப்படி ஏற்பார்கள்?

6. பத்து வருஷக் கெடு. சேர்ந்த நாளிலிருந்து பத்து வருஷத்துக்குள் படிப்பும் பயிற்சியும் முடிய வேண்டும்.

இன்னொன்று. "எங்க காலேஜ் என்.எம்.சி. அப்ரூவ்டு" என்று நோட்டீஸ் அடித்துக் கொடுப்பார்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு என்.எம்.சி. அப்படி அங்கீகாரம் கொடுத்து வைப்பதில்லை. விதிகளைச் சொல்லியிருக்கிறது, அதற்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியது நாம்தான். உலக மருத்துவக் கல்லூரிப் பட்டியலில் பெயர் இருப்பதும் இந்திய உத்தரவாதம் ஆகாது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், பணம் கட்டும் முன் என்.எம்.சி.யின் இணையதளத்தைப் பிள்ளையை விட்டே ஒரு தரம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

காகிதங்களை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பத்திரப்படுத்துவதும் நம் வேலைதான். பிளஸ் டூ மார்க் ஷீட், நீட் ரிசல்ட், கல்லூரி அனுமதிக் கடிதம், போய் வந்த முத்திரைகள் உள்ள பாஸ்போர்ட் (காலாவதியான பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கி எறியாதீர்கள்), ஒவ்வொரு வருஷ மார்க் ஷீட். பட்டத்தை ஊர் திரும்பும் முன்பே அந்த நாட்டு அரசிடம் 'அபோஸ்டில்' முத்திரையோ, அங்குள்ள நம் தூதரகத்தின் சான்றோ வாங்கிவிட வேண்டும். திரும்பி வந்தபின் அதற்காக இன்னொரு பிரயாணம் என்றால் செலவு யார் தலையில்?

எதிர்பாராதது வந்தால்?

2022 பிப்ரவரி 24-ந் தேதி உக்ரைனில் யுத்தம் மூண்டதே, நினைவிருக்கிறதா? ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் கட்டிய துணியோடு ஊர் திரும்பினார்கள். கொரோனாவில் சீனா கதவைச் சாத்தியபோதும் அப்படித்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பாடம் கேட்டார்கள். நோயாளியைத் தொடாமல் டாக்டர் படிப்பு எப்படி நிறையும்? ஆகவே 2022 ஜூலையில் என்.எம்.சி. ஒரு வழி சொன்னது: கடைசி வருஷத்தில் ஊர் திரும்பி, 2022 ஜூன் 30-க்குள் பட்டம் பெற்றவர்கள் எஃப்.எம்.ஜி.இ. எழுதலாம், ஆனால் தேறியபின் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம். வார்டில் விட்டுப்போனதை வார்டிலேயே ஈடுகட்ட வேண்டும் என்று அர்த்தம். ஆகவே செலவுக்குப் பணம் ஒதுக்கும்போது ஆறு வருஷத்துக்கு மட்டும் ஒதுக்காதீர்கள். திரும்பி வந்தபின் இரண்டு, மூன்று வருஷம் சம்பாத்தியம் இருக்காது என்று சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

'நெக்ஸ்ட்' என்று ஒரு புதுப் பரீட்சையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019-ம் வருஷச் சட்டத்தில் அது இருக்கிறது. வந்தால், இங்கே படித்தவர்களும் அங்கே படித்தவர்களும் ஒரே பரீட்சை எழுத வேண்டும். அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, வரும்வரை எஃப்.எம்.ஜி.இ.தான்.

நம் நாடு மட்டும்தான் இப்படிச் சோதிக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். சென்னையில் தங்க மெடல் வாங்கியவர் ஆனாலும், இங்கிலாந்து போனால் 'பிளாப்' பரீட்சை இரண்டு பகுதி எழுதித்தான் ஆக வேண்டும். நம் பட்டத்தை அவர்கள் அப்படியே ஏற்பதை 1975-லேயே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கா என்றால் யு.எஸ்.எம்.எல்.இ. பரீட்சைகள், அதற்குமேல் அங்குள்ள ஆஸ்பத்திரியில் பல வருஷப் பயிற்சி. தன் ஜனங்களின் உயிரை ஒப்படைக்கும் முன் எந்த நாடும் ஒரு தடவை நிறுத்தித்தான் கேட்கிறது.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு

ஊர் திரும்பிய பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டால், தயவுசெய்து அடுத்த வீட்டோடு ஒப்பிடாதீர்கள். எத்தனை மார்க், எந்தப் பாடத்தில் குறைந்தது என்று கேளுங்கள். அது உதவும். "மறுபடியுமா?" என்று கேட்காதீர்கள். தூக்கம், சாப்பாடு, பேச்சு மூன்றும் குறைந்தால் கவனியுங்கள். மனசு ரொம்ப உடைந்திருக்கிறது என்று தோன்றினால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அரசாங்கத்தின் மனநல உதவி எண் அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

வைத்தியம் பார்த்துக்கொள்ளப் போகிற நமக்கும் ஒரு வார்த்தை. "இவர் வெளிநாட்டிலே படிச்சவராம், எப்படியோ?" என்று சிலர் தயங்குகிறார்கள். மூன்று வாசலையும் தாண்டி வந்தவர் என்றால் தயக்கமே வேண்டாம். பார்க்க வேண்டியது பதிவு எண்ணை. டாக்டர் தம் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. என்.எம்.சி. இணையதளத்தில் இந்திய மருத்துவர் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடியும் பார்க்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு புது டாக்டரிடம் போகும்போது சீட்டின் மேல்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

2021 நவராத்திரிக்கு எதிர் வீட்டில் மறுபடி கொலு. நிரந்தரப் பதிவு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அன்றைக்கு இடுப்பில் இருந்த அந்தப் பையன் இப்போது ஆறு வயதுப் போக்கிரி. அவன் அம்மா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "ரெண்டு நாளா இருமல். இப்பவாவது எழுதித் தருவியா?"

பெண் சிரித்தாள். உள்ளே போய் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்து, அவன் முதுகில் வைத்து நிதானமாகக் கேட்டாள். சீட்டை எடுத்து மருந்தை எழுதி, கீழே கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டாள். பையனின் அம்மா சீட்டை வாங்கிக்கொண்டாள். அக்கா அதை ஒரு நிமிஷம் தன் கையில் வாங்கி, அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கொலுப்படிக்குப் பக்கத்தில் அந்தத் தடவை தொப்பி போட்ட போட்டோ இல்லை. "எங்கே அக்கா?" என்று கேட்டேன். "அது உள்ளே பீரோ மேலே இருக்குடி" என்று சொல்லிவிட்டு எனக்குச் சுண்டல் எடுக்கப் போனாள்.